பவுடர் டப்பாவில் பருப்புப் பொடி

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, கழுவிக் காயவைத்திருந்த முகப்பவுடர் டப்பாவில் பருப்புப் பொடியை நிரப்பினேன். வீட்டில் செய்த தின்பண்டம் எதையும் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று டிக்கெட்டோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நங்கைக்குப் படித்துக் காட்டினேன். "தின்பண்டம்னுதான போட்டிருக்கறான். பொடி என்ன தின்பண்டமா அம்மிணி?" என்றார். புரட்டாசி மாதம், அவர் கறி தொடமாட்டார். எட்டு நாளை ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஓட்ட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் டப்பாவைக் கைப்பைக்குள் வைத்தபோது, நாற்பத்தாறு வயதில், பிரிஸ்பேன் குடிநீரைப் பதினோரு வருடமாகப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுகிற நான், எதையோ கடத்துகிறவளைப் போலத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வகத்தில் யாரோடு போகிறாய் என்று கேட்டார்கள். அண்ணன் மனைவியோடு என்றேன். நங்கை என்ற சொல்லை அவர்களுக்கு எப்படி விளக்குவது.

உண்மையில் இது அண்ணனும் நங்கையும் போகவேண்டிய பயணம். முப்பத்திரண்டாவது கல்யாண நாள். செவ்வாய்க்கிழமை அண்ணன் சிறுநீரகத்தில் கல் என்று சோபாவில் சுருண்டுகொண்டார். "டிக்கெட்ல உன்ற பேர மாத்தியாச்சு, நீ போய்ட்டு வா" என்று சொல்லும்போது மட்டும் நேராக உட்கார்ந்தார். நான் மறுத்தேன். "அப்ப அவ தனியாத்தான் போகோணும்" என்றார். பாவம், வலியிலும் மனைவி நினைப்பு. ஒரு வருடமாக எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சையும் அவர் எடுப்பதில்லை. அவருக்கும் பக்குவம் வந்துவிட்டது.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் நங்கை, "காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட எடுத்து நட்டமா நிறுத்துனாப்பல இருக்குது" என்றார்.

ஏறியதும் ஆபத்துக் காலப் பயிற்சி. ஒவ்வொருவரும் பெயர் சொல்ல வேண்டும். நங்கை "வசந்தாமணி" என்றார். குடும்பப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். பாஸ்போர்ட்டில் அவருக்குக் குடும்பப் பெயராக நிற்பது அண்ணன் பெயர். அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கார்டு எடுத்த காலத்தில், "வெள்ளக்காரன நம்ம ஊர்ல என்னன்னு சொல்லுவோம், அது. அதுக்குப் பின்னால சாமி" என்று தாலுகா ஆபீஸில் புதிர் போட்டவர். இன்று கழுத்தில் தொங்கிய அட்டையைக் கட்டைவிரலால் தட்டிக் காட்டினார். அதிகாரி தானே படித்தார்: "துரைசாமி." நங்கை தலை குனிந்து சிரித்தார். முகம் சிவந்துபோயிற்று. முப்பத்திரண்டு வருடம்.

அறையில் ஒரே கட்டில். துவாலையில் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. சுற்றிலும் ரோஜா இதழ், பக்கத்தில் கேக். அறையைக் கவனிக்கும் ஜோயல், பிலிப்பைன்ஸ்காரர், வாசலில் நின்று திருமண நாள் வாழ்த்து சொன்னார். நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்யூ. தேர்ட்டி டூ இயர்ஸ்" என்றார். ஜோயல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. நங்கைக்குச் சொல்லவில்லை. கேக் நன்றாக இருந்தது.

அக்டோபர் 5, சனி

கடல். பகல் முழுக்க நங்கை கட்டிலில். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் கடலின் ஆட்டமும் சேர்ந்துகொண்டன. "என்னைய எறக்கி உட்றச் சொல்லு, நடந்தே போயிக்கறேன்" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடீரென்று எழுந்து முகம் கழுவி, பெட்டியிலிருந்து என் பச்சைப் பட்டுப்புடவையை எடுத்தார். அது என் அலமாரியிலிருந்து அவர் பெட்டிக்கு எப்போது போனது என்று தெரியவில்லை.

"சோறு தின்னப் போறதுக்கு எதுக்குங்க பட்டு?"

"கப்பல்ல அப்படித்தான். நீ கட்டு."

எங்களுக்கு ஒதுக்கியது பதினேழாம் மேசை. ஒரு நாற்காலியில் மார்கரெட். எண்பத்தொரு வயது, இது அவருக்குப் பத்தொன்பதாவது கப்பல். இன்னொன்றில் ஒரு தமிழர். இரண்டாயிரம் பேர் இருக்கிற கப்பலில், எங்கள் மேசையில், காங்கேயத்துக்காரர். தற்செயல் என்பது எவ்வளவு விசித்திரமானது.

பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்தொன்று. அந்தப் பெயரோடு ஐம்பத்தொன்று வரை வந்துவிட்டாரே என்று நினைத்ததும் சிரிப்பு முட்டி, சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். டுவூம்பாவில் மாட்டு டாக்டர். மனைவி இறந்து ஆறு வருடமாம். தனியாக வந்திருக்கிறார்.

நங்கை மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டபோது குழந்தைவேலு எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "நாக்க நீட்டுங்க" என்றார்.

"நான் என்ன எருமைங்களா?" என்றார் நங்கை.

"எருமைன்னா இந்நேரம் ஒதைச்சிருக்குமுங்க. நீங்க மாடுதான்."

நங்கை கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். ஒருவரை முதல் நாளே இவ்வளவு பிடித்துப்போவது நங்கைக்கு வழக்கமில்லை.

மார்கரெட் என் பக்கம் சாய்ந்து, "உன் மனைவிக்கு நல்ல நகைச்சுவை உணர்வு" என்றார். விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது கேக் வந்துவிட்டது. 

அக்டோபர் 6, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினோம். ஒரு மணி நேரம் காணாமல் போனதற்கு நங்கை யாரையோ திட்டினார்.

மதியம் சாப்பாட்டு மேசையில் வெள்ளைச் சோறு வாங்கி, கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன். பக்கத்து மேசைப் பெண்மணி நான் சோற்றில் முகப்பவுடர் தூவுவதைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன பவுடருங்க இது? பூண்டு வாசம் வருது."

"அழகுக்குப் போடறதுங்க."

"எனக்குக் கொஞ்சம் அழகு வேணுமுங்க" என்று தட்டை நீட்டினார்.

சிரிப்பில் புரையேறித் தண்ணீர் குடித்தேன். கடைசியாக எப்போது சாப்பாட்டு மேசையில் புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்? என் வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் துவைத்த துணி கிடக்கிறது.

நங்கை தூங்கப் போய்விட்டார். நல்ல வெயில், அலையில்லை, ஆனால் அவருக்குத் தலை சுற்றுகிறதாம். நானும் டாக்டரும் மேல்தளத்தை ஏழு சுற்று வந்தோம். வேலையைப் பற்றிக் கேட்டார். தண்ணீரை நாக்கிலே வைத்து எந்தப் பகுதித் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன் என்றேன். உலகத்திலேயே நல்ல தண்ணீர் எது என்றார். சிறுவாணி என்றேன், யோசிக்கவே இல்லை. "அப்ப எங்க ஊரு உப்புத் தண்ணி?" "மாட்டுக்கு ஆகுமுங்க." "அதனாலதானுங்க மாட்டு டாக்டரானேன்."

ரமணன் என் வேலையைப் பற்றிப் பேசும்போது "சாக்கடை டிப்பார்ட்மென்ட்" என்பான், விருந்தாளிகள் முன்னால், சிரித்துக்கொண்டே. கல்யாணமான முதல் நாளிலிருந்து அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவனும் அதைத்தான் விரும்பினான். பெயர் சொல்லிவிட்டால் இருவரும் சமம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் பெயர் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீட்டின் பூட்டை மாற்றினேன். இன்றுவரை அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான், அது என்னிடம் இருக்கிறது. அந்தச் சாவி எனக்கு எவ்வளவு பிரியமானது என்பது அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார்.

இதையெல்லாம் இன்று ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காற்று.

அக்டோபர் 7, திங்கள்

நூமியா துறைமுகம். பிரெஞ்சு ரொட்டி, ஒரு முழுக் கை நீளம். நங்கை அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். பூப்போட்ட பாவாடை ஒன்று வாங்கினேன், என் நிறத்துக்கு ஒவ்வாத மஞ்சள். எங்களோடு வந்திருந்த அவர், ஒவ்வும் என்று சொன்னார்.

அக்டோபர் 8, செவ்வாய்

லிஃபூ தீவு. இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

கப்பல் நடுக்கடலில் நின்றுவிடும், சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். குன்றின் மேல் ஒரு சிறு கோயில், மாதா கோயில். நங்கை சாமி எதுவானாலும் சாமிதான் என்று ஏறிப்போய் அரைமணி நேரம் கும்பிட்டார். என்ன அவ்வளவு வேண்டுதல் என்று கேட்டேன். "உனக்கு நீச்சல் வரோணும்னு" என்றார்.

கீழே தண்ணீர். பதினோரு வருடமாக நான் பார்க்கும் தண்ணீர் எல்லாம் குழாயில் இருக்கும், தாளில் எண்ணாக இருக்கும். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை. அன்னூரில் பிறந்தவளுக்குக் கிணறே பயம். இந்தத் தண்ணீரில் நின்றால் என் கால்விரல் நகப்பூச்சு தெரிந்தது. விரலுக்குப் பக்கத்தில் நீல மீன் ஒன்று நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதே படகில் வந்த அவர், தண்ணீருக்குள் பார்க்க மூச்சுக்குழாய் வைத்த கண்ணாடி இரண்டு வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்.

"எனக்கு நீந்தத் தெரியாதுங்க."

"நீந்த வேண்டாமுங்க. குப்புறப் படுக்கோணும், அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் இருக்குது."

"முழுகிட்டா?"

"இடுப்பளவு தண்ணிதானுங்க. முழுகினா எந்திரிச்சு நின்னுக்கலாம்."

ரமணன் பதினோரு வருடத்தில் நான்கு முறை எனக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். நான்காவது முறை, நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உனக்கு வராது, விடு" என்றான். இவர் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில், தொடாமல், தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்தார், அவ்வளவுதான். ஒரு பெரிய மாடு குட்டையில் கிடப்பதைப் போல. நானும் விழுந்தேன்.

கீழே ஒரு ஊர் இருக்கிறது. நான் பார்த்ததை எழுத எனக்குச் சொல் இல்லை. ஊதா நிறத்தில் மூளையைப் போல ஒன்று, அதைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கும்பலாக மீன்கள். என் மூச்சின் சத்தம் மட்டும் காதில். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனை நேரம் கிடந்தேன் என்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கரை தூரத்தில் இருந்தது, கால் தரையில் தட்டவில்லை. கத்தவில்லை நான். மிதந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். கால் தட்டும் இடம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், மணல் வழுக்கியதால்.

கரையில் நங்கை முக்காடு போட்டு உட்கார்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்தார். "மாதா சக்தியுள்ள சாமி" என்றார்.

முதுகு முழுக்க வெயிலில் பொரிந்துவிட்டது. இப்போது குப்புறப் படுத்து எழுதுகிறேன். அவர் காலை முட்டைக்குத் தூவிக்கொள்ளக் கேட்டதால் பொடி டப்பாவைக் கொடுத்துவிட்டேன். பாதிதான் இருக்கிறது. கொடுத்தால் என்ன.

அக்டோபர் 9, புதன்

வனுவாட்டு. ஆளில்லாத குட்டித் தீவு. பேரே மர்மத் தீவு என்று பொருள்படும். இரவில் ஆவிகள் வரும் என்று யாரும் அங்கே தங்குவதில்லையாம். பகலில் பக்கத்துத் தீவுக்காரர்கள் வந்து இளநீர் விற்கிறார்கள். மணலிலேயே நடந்தால் நாற்பது நிமிடத்தில் தீவைச் சுற்றி வந்துவிடலாம். இந்தத் தகவல் முக்கியம்.

நானும் அவரும் நடக்கத் தொடங்கினோம். நங்கை பின்னால் வேண்டுமென்றே மெதுவாக வந்தார். மஞ்சள் பாவாடை கட்டியிருந்தேன். பாதித் தீவு தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஐப்பசியில வெச்சுக்கலாம்னு உங்க அண்ணன் சொல்றாருங்க. எனக்குத் தை மாசம்னா லீவு கெடைக்கும். நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"எதை வெச்சுக்கறது?"

அவர் நின்றுவிட்டார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எங்க அண்ணனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துக்கூடப் பேசினனுங்களே."

"அவருக்குச் சிறுநீரகத்துல கல்லு."

"கல்லுங்களா? தோட்டத்துல கல்லு பொறுக்கிட்டிருக்கறதாச் சொன்னாருங்க."

எல்லாம் வெளியே வந்தது. என் போட்டோ போன மாதமே போயிருக்கிறது. ஜாதகம் பொருந்தியிருக்கிறது, அதுவும் ஒன்பது பொருத்தம். பதினேழாம் மேசையைக் கேட்டு வாங்கியது அண்ணன். பெண்ணுக்கும் சம்மதம், நேரில் பார்த்துப் பேசிவிட்டுக் கப்பல் திரும்பும் நாளில் துறைமுகத்தில் பதில் சொல்வாள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். நாற்பத்தாறு வயதில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் பெண் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன், நான்கு நாளாக, சோற்றில் முகப்பவுடர் தூவிக்கொண்டு. ஓடிப்போக முடியாதபடி சுற்றிலும் பசிபிக் கடல்.

"பொண்ணு பார்க்க உக்காந்த மாதிரியே இல்லியே, இவ்வளவு சாதாரணமா இருக்கறாங்களேன்னு நெனைச்சனுங்க. எனக்கு அதுதான்..." என்று நிறுத்திக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. "மன்னிச்சுருங்க."

நான் திரும்பி, வந்த வழியே விடுவிடுவென்று நடந்தேன். என்னைத் தனியே விட வேண்டும் என்று அவர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார். தீவு வட்டம். இருபது நிமிடம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தால் எதிரே அவர்.

"வேணும்னு வரலீங்க" என்றார்.

மறுபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பினோம். மறுபடி இருபது நிமிடம். மறுபடி அவர். இந்த முறை அவர் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அவர் அகலத்துக்கு அந்த மரம் போதவில்லை. எனக்குக் கோபம் நெஞ்சுவரை இருந்தது, அதே நெஞ்சில் சிரிப்பும் முட்டியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மூச்சு எப்படி விடுவது.

"சாப்பாட்டுக்கு வேற மேசை கேட்டுக்கறனுங்க. நீங்க நிம்மதியா இருங்க" என்றார் மரத்துக்குப் பின்னாலிருந்து.

என் பின்னால் ஓடி ஓடி நங்கை கழுத்து அட்டையை எங்கேயோ தொலைத்திருந்தார். படகுத் துறையில் அட்டையில்லாமல் ஏற்றமாட்டோம் என்றார்கள். கணினியில் பார்க்க முழுப்பெயர் வேண்டும். நான் சொல்ல வாயெடுத்தேன். காவலர் கையைக் காட்டினார்: அவரே சொல்லட்டும்.

"வசந்தாமணி."

"குடும்பப் பெயர்?"

நங்கை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன், கோபத்தில். பின்னால் நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள். நங்கை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊருக்கே கேட்கும் குரலில், "துரைசாமி" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

படகில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "சொல்லிட்டேன் அம்மிணி" என்று கிசுகிசுத்தார். கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. இருவரும் கப்பல் வந்து சேரும்வரை சிரித்தோம்.

கப்பலில் இணையத்தைப் பிடித்து அண்ணனைக் கூப்பிட்டார். "ஏனுங், உங்க பேரச் சொல்லிட்டனுங்க." "எப்படி இருந்துச்சு?" என்று அண்ணன் கேட்டது எனக்கும் கேட்டது. "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்று சொல்லி நங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனை வாங்கி, "கல்லு எப்படி இருக்குது?" என்று கேட்டேன். அண்ணன் வைத்துவிட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

கடல். காலையில் நங்கை என் முதுகுக்குத் தயிர் தடவிவிட்டார்.

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை."

"பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களே நங்கை. ஆறு நாள் ஆறு மாதிரி நடிச்சீங்களே."

"தலை சுத்தல் முதல் நாள் நெசம்" என்றார். கொஞ்சம் கழித்து, "சனிக்கெழமை உங்கண்ணன் வந்து நிக்கும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. நானே சொல்லிக்கறேன். உன்னைய இனி யாரும் ஒரு வார்த்த கேட்க மாட்டாங்க. அந்தச் சாமி மேல சத்தியம்" என்றார். எந்தச் சாமி என்று கேட்டேன். லிஃபூ மாதாவாம்.

ஆக, நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஆமா, இல்லை என்று ஒன்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்வது சுலபம். ஒன்பது வருடமாகப் பழகிய சொல்.

பதினேழாம் மேசையில் நான்காவது நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மார்கரெட் எங்கே அந்த நல்ல மனிதர் என்று கேட்டார். மேசை மாறிவிட்டார் என்றேன். "உங்கள் இருவருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்" என்றார். நங்கைக்கு இன்றுதான் விஷயம் விளங்கியது. "என்ன சொல்லுது அந்தம்மா? நாம ரெண்டு பேரும் என்ன?" சொன்னேன். மேசையில் தலை கவிழ்ந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து என் கையைப் பிடித்து மார்கரெட்டிடம், "குட் வைஃப். ஒன்லி லிட்டில் கோவம்" என்றார்.

சோற்றுக்குப் பொடி இல்லை. வெறும் சோறு இறங்கவில்லை. பொடி இல்லாததால்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

காலை மேல்தளத்தில் தனியாக ஏழு சுற்று நடந்தேன். கப்பல் வட்டமாக இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இங்கே ஒருவர் ஒளிய வேண்டுமென்றால் ஒளிந்துகொள்ளலாம்.

எட்டாவது சுற்றில் அவர் நின்றிருந்தார். மார்போடு பவுடர் டப்பா. என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனார்.

"இதைக் குடுத்துட்டுப் போயிடறனுங்க."

கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வாங்கினேன். உள்ளே ஏதோ சரசரத்தது. திறந்து பார்த்தேன். காபிக் கடையில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலங்கள், ஐந்து.

"வெறும் டப்பாவத் திருப்பித் தரக் கூடாதுங்களே" என்றார். "கப்பல்ல வேற ஒண்ணும் கெடைக்கலை."

போய்விட்டார். பதில் என்ன என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மதியம் துணி மடிக்கும்போது நங்கை, "அவரு பேரென்ன அம்மிணி?" என்றார்.

"யாரு?"

"அதான், மாட்டு டாக்டரு. எனக்கு மறந்துபோச்சு."

மறக்கிற ஆள் இல்லை நங்கை. நான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அவருதாங்க... முருகன் பேரு. சின்ன வயசு முருகன்" என்றேன். நங்கை மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். துண்டை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார், முழு முகமும் சிரிப்பாக.

நங்கை குளிக்கப் போனதும் இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். சனிக்கிழமை இரண்டு முறை பெயர் இருக்கிறது, சிரிப்போடு. ஞாயிற்றுக்கிழமை டாக்டர். அதன் பிறகு எல்லா இடத்திலும் அவர். ரமணன் பெயரை மூச்சுவிடாமல் எழுதியிருக்கிறேன். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். நங்கையைப் பார்த்து முப்பது வருடமாகச் சிரிக்கிறவள்.

பயத்தில் பெயர் சொல்லாமல் இருப்பது வேறு, மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்பது வேறு என்று நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கும்போல. ஒரு பண்டத்தை உடனே தின்றுவிடாமல் உள்ளங்கையில் வைத்திருப்பதைப் போல.

பெட்டி கட்டியாயிற்று. டப்பாவைப் பெட்டியில் வைக்கவில்லை. கைப்பையில்.

அக்டோபர் 12, சனி

காலை ஆறரை. பிரிஸ்பேன் ஆற்று முகத்துவாரம் தெரிகிறது, தண்ணீர் பழுப்பாகிவிட்டது. நமக்குத் தெரிந்த தண்ணீர். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதில், காணாமல் போன அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நங்கைக்கு சந்தோஷம்.

இறங்கும் வரிசைக்காகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஜோயல் வந்து அடுத்த வருடமும் வாருங்கள் என்று எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தூரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம், அவர் உட்கார்ந்திருக்கிறார். தூண் அவர் அகலத்துக்குப் போதவில்லை.

"என்ன எழுதறே?" என்று நங்கை எட்டிப் பார்க்கிறார்.

"மளிகைச் சாமான் லிஸ்ட்டுங்க."

உண்மையும் அதுதான். துவரம் பருப்பு அரைக் கிலோ, கடலைப் பருப்பு கால் கிலோ, பூண்டு, வரமிளகாய், பெருங்காயம். வெளியே அண்ணன் கல் இல்லாத வயிற்றோடு நிற்பார். யோசிக்கணும் என்று மட்டும் அவரிடம் சொல்லப் போகிறேன். அவர் முகம் தொங்கும், கொஞ்ச நாள் தொங்கட்டும். பதில் அவருக்கு உரியது அல்ல. ஒன்பது பொருத்தத்துக்கும் உரியது அல்ல.

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மலையேறி டுவூம்பா போகப் போகிறேன். சின்ன ஊரில் காங்கேயத்து மாட்டு டாக்டர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாசலில் நின்று கூப்பிடுவேன். குழந்தைவேலு, என்று முழுப் பெயரையும், ஊருக்கே கேட்கும்படி, ஒரே ஒரு தரம். அதற்குப் பிறகு சொல்வதா விடுவதா என்பது என் இஷ்டம்.

வெறும் டப்பாவோடு போகக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பருப்பை வறுக்க வேண்டும். வழியில் சாவிக் கடையில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பொடிக்கு நடுவில் ஒரு சாவி தாராளமாகப் புதையும்.